சீதன வீடும் வங்குரோத்துச் சட்டமும்: ஆரையம்பதித் தம்பிக்கு ஒரு பதில்

ஆரையம்பதியில் இருந்து ஒரு தம்பி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் கடை விபரத்தையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்:

"அக்கா, 2017இல் மட்டக்களப்பு டவுனில் டைல்ஸும் பாத்ரூம் சாமானும் விற்கிற கடை போட்டேன். மனைவியின் சீதன வீட்டை ஈடு வைத்து வங்கியில் 40 இலட்சம் எடுத்தேன். 2020இல் டைல்ஸ் இறக்குமதியை நிறுத்தினார்கள், 2022இல் வட்டி ஏறியது, 2023இல் கடையைப் பூட்டினேன். இப்போது வங்கிக்கும் கொழும்பு மொத்த வியாபாரிகள் இரண்டு பேருக்கும் கடன். புது வங்குரோத்துச் சட்டம் வரப்போகுது, வந்தால் கடன் எல்லாம் அழிந்துவிடும் என்று கூட்டாளிமார் சொல்கிறார்கள். அதுவரைக்கும் பொறுத்திருக்கவா? என் பெயரில் மிச்சமிருக்கிற ஒன்றரை ஏக்கர் வயலைத் தம்பியின் பெயருக்கு எழுதிவிடவா? டைல்ஸ் பதிக்கும் கொந்தராத்து வேலையைச் சின்னதாகத் தொடங்க நினைக்கிறேன், அதை எந்த மாதிரிப் பதிவது?"

தம்பி, வயல் கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அதில் அவசரப்பட்டீர்கள் என்றால் பிறகு எந்தச் சட்டத்தரணியாலும் உங்களுக்கு உதவ முடியாமல் போகும். எழுதாதீர்கள். கடன்காரர் நெருக்குகிற நேரத்தில் சொத்தைத் தம்பிக்கோ மச்சானுக்கோ நன்கொடை உறுதி முடித்தாலும் சரி, காசு கைமாறாத விற்பனை உறுதி முடித்தாலும் சரி, அந்த உறுதியை ரத்துச் செய்யச் சொல்லிக் கடன்காரர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். ரோமன் டச்சுச் சட்டத்தில் இருந்து எங்களுக்கு வந்த வழக்கு அது, போலியன் வழக்கு என்போம். உங்கள் தம்பியையும் எதிராளியாக்கி நீதிமன்ற வாசலில் நிறுத்தினதுதான் மிச்சமாக இருக்கும். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று இருக்கிறது: எந்த நாட்டு வங்குரோத்துச் சட்டமும் நேர்மையாக விழுந்தவனுக்குத்தான் கைகொடுக்கிறது. சொத்தை ஒளித்தவன் என்று கோப்பில் ஒரு தாள் ஏறினால், நீங்கள் காத்திருக்கிற அதே புதுச் சட்டம் உங்களைத் திருப்பி அனுப்பிவிடும். வயல் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அதை விற்று யாருக்காவது கட்டுவதானாலும் பகிரங்கமாக, நியாயமான விலைக்கு, வங்கிக்குத் தெரியப்படுத்திச் செய்வோம்.

சரி, இப்போது அந்தப் புதுச் சட்டம்.

இலங்கையில் தனி ஆளுக்கான வங்குரோத்துச் சட்டம் என்று நாங்கள் இன்னமும் புரட்டுவது 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை. கொழும்பில் ரயில் ஓடுவதற்கு முன்னால் எழுதியது. அதை முதல்தடவை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வியாபாரத்தில் நொடிந்த ஒருவர் தன் சொத்து முழுவதையும் ஒப்படைத்து, கடன்காரர் முன்னால் விசாரணைக்கு நின்று, எல்லாம் முடிந்த பிறகு நீதிமன்றம் அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுக்கும், அதிலும் மூன்று வகுப்பு. தவிர்க்க முடியாத நட்டத்தால் விழுந்தவருக்கு முதலாம் வகுப்பு, ஓரளவு அவருடைய பிழையும் சேர்ந்திருந்தால் இரண்டாம் வகுப்பு, முழுக்க அவருடைய பிழை என்றால் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் புள்ளி போடுகிற மாதிரி மனிசனுக்குப் புள்ளி. இந்த வகுப்பு முறையை எங்களுக்குத் தந்த இங்கிலாந்து 1861இலேயே அதைக் கைவிட்டுவிட்டது. கம்பனிகளுக்கு 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதில் கம்பனியைக் கலைக்கவும் கடன்காரரோடு இணக்கத்துக்கு வரவும் நிர்வாகி ஒருவரை நியமிக்கவும் ஏற்பாடு உண்டு, ஆனால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரை மட்டும் பதிந்துவிட்டு நடத்துகிற உங்களைப் போன்ற ஆளுக்கு அது எதுவும் பொருந்தாது. உங்களுக்கு 1853தான்.

தனி ஆளையும் கம்பனியையும் சேர்த்து, காப்பாற்றக்கூடிய தொழிலைக் காப்பாற்றவும் முடியாததைச் சீக்கிரம் மூடவும் வழி வைக்கிற புதிய சட்டத்துக்கான வேலை சில வருடங்களாகவே நடக்கிறது, 2023 மார்ச்சில் தொடங்கிய சர்வதேச நாணய நிதிய வேலைத்திட்டத்தோடு அது வேகம் பிடித்தது. அது நல்லபடி வரவேண்டும் என்பது என் மனப்பூர்வமான விருப்பம். ஏன் என்று சொல்கிறேன், இது உங்களுக்கு மட்டுமான கதை இல்லை.

சில வருடங்களுக்கு முன் கல்முனைக்கு அங்கால ஒரு ஊரில் வீடு ஒன்று ஏலத்துக்கு வந்தது. நான் அந்தக் குடும்பத்தின் சட்டத்தரணியாகப் போயிருந்தேன். படலைக்கு வெளியே ஏலக்காரருக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தார்கள், அந்த வீட்டுப் பிள்ளை கொண்டுவந்து போட்ட கதிரை. தாய் அன்றைக்கும் விடியவே எழும்பி வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தா. ஒழுங்கை நிறையச் சனம், ஆனால் ஒருத்தரும் விலை கேட்கவில்லை, அயலட்டைக்காரர் எப்படிக் கேட்பார்கள்? ஏலக்காரர் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டுத் தாள்களை மடித்தார், கேட்க ஆளில்லாத வீடு வங்கியின் கைக்கே போனது. அந்தக் கூட்டத்தில் ஒரு பெடியன் நின்றான், பேக்கரி ஒன்று போட அடுப்புக்கு விலை கேட்டு வைத்திருந்தவன். இரண்டு மாதம் கழித்து அவன் கட்டாருக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அந்த ஏலத்தில் ஒரு வீடு போனது எல்லாருக்கும் தெரியும். பிறக்கவிருந்த ஒரு பேக்கரியும் போனது எந்தக் கணக்கிலும் இல்லை.

வங்குரோத்துச் சட்டம் புதுத் தொழில்களைத் தொடுவது இந்த இடத்தில்தான். தொழில் தொடங்கப்போகிறவர் சட்டப் புத்தகத்தை வாசிப்பதில்லை, விழுந்தவனுக்கு என்ன நடந்தது என்று பார்க்கிறார். நகரத்தில் இது இன்னும் கூடுதல், ஏனென்றால் கிராமத்தில் தொழில் தொடங்குகிறவர் மாமனிடமும் சீட்டிலும் காசு எடுப்பார், மட்டக்களப்பு டவுனிலோ கல்முனையிலோ கடை போடுகிறவர் முற்பணம், வாடகை, சாமான், லீசிங் என்று முதல் நாளே எழுத்தில் உள்ள கடனுக்குள் இறங்குகிறார்.

வெளிநாடுகளில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வங்குரோத்தானவர் தன் வீட்டில் எவ்வளவு பெறுமதியை வைத்துக்கொள்ளலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், டெக்சஸ், புளோரிடா மாதிரி இடங்களில் பெறுமதிக்கு எல்லையே இல்லை. வெய் ஃபான், மிஷெல் வைட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டுக்கு முழுப் பாதுகாப்பு உள்ள மாநிலத்தில் சொந்த வீடுள்ள குடும்பம் தொழில் ஒன்று வைத்திருக்கும் வாய்ப்பு, பாதுகாப்புக் குறைந்த மாநிலத்தை விட 35 சதவீதம் கூடுதல் என்று கண்டது. ஆமர், கம்மிங் இருவரும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 15 நாடுகளை எடுத்து 2008இல் வெளியிட்ட ஆய்வும் அதே பக்கம்தான் போகிறது: விழுந்தவரைச் சீக்கிரம் விடுவிக்கிற சட்டம் உள்ள இடத்தில் சுயதொழில் செய்கிறவர்கள் கூடுதல். இங்கிலாந்து 2004 ஏப்ரலில் இருந்து வங்குரோத்துக் காலத்தை மூன்று வருடத்தில் இருந்து ஒரு வருடமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஒரு பணிப்புரை போட்டு, நேர்மையான தொழில்முனைவோர் ஆகக் கூடியது மூன்று வருடத்துக்குள் கடனில் இருந்து வெளியே வர வழி இருக்கவேண்டும் என்று உறுப்பு நாடுகளுக்குச் சொன்னது.

எனக்கு ஆகப் பிடித்த உதாரணம் சீனாவின் ஷென்சென். நாடு முழுவதற்கும் தனி ஆள் வங்குரோத்துச் சட்டம் இல்லாதபோது, அந்த ஒரு நகரம் தனக்கென்று ஒன்றை 2021 மார்ச் 1இல் இருந்து கொண்டுவந்தது. மூன்று வருடம் அந்த நகரத்தில் வசித்து சமூகக் காப்புறுதி கட்டியவர் விண்ணப்பிக்கலாம். மூன்று வருடம் கண்காணிப்பில் இருக்கவேண்டும், அந்தக் காலத்தில் ஆடம்பர ஹோட்டலும் விமானத்தில் உயர் வகுப்பும் கிடையாது, ஆனால் பிழைக்கத் தேவையானதை 2 இலட்சம் யுவானுக்குள் வைத்துக்கொள்ளலாம். முதலாவதாகத் தீர்ந்த விடயம் புளூடூத் ஹெட்போன் தொழில் செய்து நொடிந்த ஒரு பொறியியலாளருடையது. அவருக்கு ஏறத்தாழ 7.5 இலட்சம் யுவான் கடன். நீதிமன்றம் அசலை மூன்று வருடத்தில் கட்டச் சொல்லி வட்டியைத் தள்ளிவிட்டது. யாரும் அவருக்கு மூன்றாம் வகுப்புச் சான்றிதழ் கொடுக்கவில்லை, கட்டக்கூடியதைக் கட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

எங்கள் நாடே 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பிறகு கடன்காரரோடு பேசி, தவணை நீட்டி, கழிவு வாங்கி எழும்பியது. அதில் பிழை இல்லை, நாடு வாழவேண்டும். அதே நெருக்கடியில் கடை பூட்டின ஆளுக்கும் அப்படி உட்கார்ந்து பேச ஒரு மேசை வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஆனால் தம்பி, மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அதே மிஷெல் வைட் இன்னொருவரோடு சேர்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுக்குப் பாதுகாப்புக் கூடின மாநிலங்களில் சின்ன நிறுவனங்களின் கடன் விண்ணப்பங்கள் கூடுதலாகத் தள்ளுபடியாகின்றன, கிடைக்கிற கடனும் சின்னது, வட்டியும் கூட என்று கண்டார். வங்கி முகாமையாளரின் இடத்தில் இருந்து பார்த்தால் விளங்கும். அவர் கொடுப்பது வைப்பாளர்களின் காசு, அதில் ஓய்வூதியக்கார வாத்தியாரின் சேமிப்பும் இருக்கும். திரும்பி வராது என்று பயந்தால் கொடுக்கமாட்டார், கொடுத்தாலும் இன்னும் இரண்டு பிணையாளி கேட்பார். ஆகவே சட்டம் இளகினால் தொழில் பெருகும் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. நேர்மையானவரை வேகமாக விடுவித்து, ஏமாற்றுகிறவரைப் பிடித்து, வங்கிக்கும் ஆறு ஏழு வருடம் வழக்காடாமல் வரவேண்டியது வந்து சேர்ந்தால்தான் இரண்டு பக்கமும் துணிந்து நடக்கும். என் கண்ணில் எல்லாவற்றிலும் முக்கியம் வேகம்தான். இங்கே ஆட்களைக் கொல்லுவது கடன் தொகை இல்லை, முடிவில்லாமல் இழுபடுகிற வருடங்கள்.

இப்போது உங்களுடைய உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். அது வீடு.

புதுச் சட்டம் நாளைக்கே வந்தாலும், பொதுவாக வங்குரோத்துச் சட்டங்கள் விடுவிப்பது ஈடு இல்லாத கடனைத்தான், உங்கள் கணக்கில் கொழும்பு வியாபாரிகள் இரண்டு பேருடையதை. ஈடு வைத்த சொத்தில் வங்கிக்குள்ள உரிமை அப்படியே நிற்கும். டெக்சஸிலும் வீட்டைத் தானே ஈடு வைத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு அந்த வங்கியிடம் எடுபடாது. எல்லாக் கடனும் அழியும் என்று உங்கள் கூட்டாளிமார் சொல்வது அதனால் பிழை.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், வீடு பெண் பிள்ளைக்குத்தான். தகப்பன் வெளிநாட்டில் கிடந்து உழைத்தாவது மகளுக்கு ஒரு கல்வீடு கட்டிக் கொடுப்பார், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் யாழ்ப்பாணத்தாருக்கு உரியது, எங்களுக்குப் பொதுச் சட்டம், அந்தச் சட்டத்தில் மனைவியின் சொத்து மனைவியுடையதுதான். அதாவது புருசன் எந்த வியாபாரத்தில் விழுந்தாலும் அவருடைய கடன்காரர் அந்த வீட்டுப் படலைக்குள் கால் வைக்க முடியாது. அமெரிக்கர் சட்டம் போட்டுக் கட்டின வேலியை எங்கள் மூத்தம்மாமார் வழக்கமாகவே கட்டி வைத்திருந்தார்கள். அந்த வேலியை வெட்டுவது ஈட்டு உறுதியில் மனைவி வைக்கிற கையெழுத்துத்தான். நொத்தாரிசு கந்தோரில் ஐந்து நிமிட வேலை. என்னிடம் வருகிற பெண்களில் பல பேருக்கு அன்றைக்கு என்ன எழுதியிருந்தது என்று வாசித்துக் காட்டப்படவே இல்லை, "இஞ்ச ஒரு கையெழுத்து, இஞ்ச ஒன்று" என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் புதுச் சட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள், வீட்டை மீட்கிற வேலையை இப்போதே தொடங்குங்கள். பராட்டே என்று பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன், அதாவது 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி வங்கி, நீதிமன்றம் போகாமலே, பணிப்பாளர் சபைத் தீர்மானத்தால் ஏலம் போடுவது. 2024இல் ஒரு திருத்தத்தால் அதைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தார்கள், 2025 மார்ச்சோடு அந்த நிறுத்தம் முடிந்தது. ஆனால் 2011இல் வந்த திருத்தம் அசல் 50 இலட்சத்துக்குக் குறைந்த கடனுக்கு இந்த வழியைப் பாவிக்க முடியாது என்று வைத்தது, உங்களுடையது 40. அது முழுப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வங்கி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு அதே வீட்டுக்கு வரலாம், அதற்கும் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தில் சுருக்கமான நடைமுறை இருக்கிறது. கடன் எடுத்தது நீங்கள், ஈடு வைத்தது மனைவி என்பதும் ஒரு சட்டப் புள்ளி, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன விடயம், ஆனால் உறுதியைப் பார்க்காமல் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன்.

வங்கிக்கு எழுத்தில் போங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். நொடிந்த தொழில்களோடு பேசுவதற்கென்று தனிப் பிரிவு வைக்கச் சொல்லி மத்திய வங்கி 2024இல் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது, கிளையில் தெரியாது என்றால் தலைமை அலுவலகத்துக்கு எழுதி அந்தப் பிரிவைக் கேளுங்கள். ஒரு தாளில் மாத வருமானம், வீட்டுச் செலவு, வயல் விளைச்சல், மற்றக் கடன்கள் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதி, மாதம் இவ்வளவு கட்டுவேன், தண்டவட்டியை விடுங்கள், தவணையை நீட்டுங்கள் என்று கேளுங்கள். கட்ட முடிகிற தொகையை மட்டும் எழுதுங்கள். வெட்கத்தில் கூட்டி எழுதி மூன்றாம் மாதம் தவறினால் அதற்குப் பிறகு உங்கள் சொல்லை யாரும் எடுக்கமாட்டார்கள். கொழும்புக்காரர்களுக்கும் அதே தாளின் பிரதி போகட்டும். அவர்கள் கையில் உங்கள் செக் ஏதாவது இருக்கிறதா? கடிதத்தில் சொல்லவில்லை. காசில்லை என்று தெரிந்துகொண்டு கொடுத்த செக் குற்றவியல் விடயம், அது இருந்தால் அதைத்தான் முதலில் தீர்க்கவேண்டும். இதையெல்லாம் செய்கிறபோது தயவுசெய்து மீற்றர் வட்டிக்கு, அதாவது நாளுக்கு நாள் ஏறுகிற கடும் வட்டிக்கு, எடுத்து வங்கிக்குக் கட்டாதீர்கள். அப்படிச் செய்து ஊரை விட்டே போன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

டைல்ஸ் பதிக்கும் வேலையைத் தொடங்குங்கள், இன்றைக்கே தொடங்கலாம். இது கடையை விட நல்ல யோசனை என்று எனக்குப் படுகிறது, ஏனென்றால் சாமான் வீட்டுக்காரர் வாங்கித் தருவார், உங்களுக்கு வேண்டியது கட்டரும் இரண்டு பாஸ்மாரும்தான், டிமோ பட்டா லொறி பிறகு பார்க்கலாம், அதுவரைக்கும் வாடகைக்கு எடுங்கள். முதல் ஒரு வருடம் கடனே இல்லாமல், வேலைக்கு முன் முற்பணம், பாதியில் ஒரு பங்கு, முடியும்போது மிச்சம் என்று ஒரு பக்க ஒப்பந்தத்தோடு நடத்துங்கள்.

பதிவு விடயத்தில், வியாபாரப் பெயரை மட்டும் பதிந்தால் நீங்களும் தொழிலும் ஒன்றுதான், தொழிலின் கடன் உங்கள் கடன். பிரைவேட் லிமிட்டட் கம்பனி என்றால் அது வேறு ஆள், 2007 சட்டப்படி ஒரே ஒரு பங்குதாரரோடும் தொடங்கலாம். ஆனால் கம்பனி போட்டுவிட்டு வங்கியில் உங்கள் ஆள்பிணையை, அதாவது கம்பனி கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்ற உறுதியை, எழுதிக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். இந்தியாவில் 2016இல் வந்த புது வங்குரோத்துச் சட்டத்திலும், கம்பனியின் கணக்குத் தீர்ந்த பிறகும் ஆள்பிணை நின்றவரைத் தேடி வரலாம் என்றுதான் 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பனிக்குக் கணக்காளர் செலவும் வருடாந்தப் பத்திரங்களும் இருக்கின்றன. கடன் எடுக்காத இந்த முதல் வருடத்துக்குப் பிரதேச செயலகப் பதிவே போதும், பெரிய கொந்தராத்து வருகிறபோது கம்பனியைப் பற்றிப் பேசுவோம். மனைவியின் பெயரில் மட்டும் பதிந்துவிடாதீர்கள். கடன்காரருக்கு அது ஒளிப்பாகத் தெரியும், அவவுக்கு இன்னொரு பாரமும் ஏறும்.

உங்கள் கடன் வரலாற்றைக் காட்டுகிற கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையை எடுத்து, ஈட்டு உறுதியின் பிரதி, வங்கி கடைசியாக அனுப்பிய கடிதம், கொழும்புக்காரர்களின் பில் இவற்றோடு வாருங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் தம்பி. அந்த உறுதியை நான் முதலில் அவவுக்குத்தான் வரி வரியாக வாசித்துக் காட்டவேண்டும்.